முந்நூற்று முப்பது நாளும் ஒரு பெட்டியும்

பிப்ரவரி 23, ஞாயிறு. மீதம்: 11 நாள்

இது டைரி இல்லை. டைரி எழுதுகிற ஆள் நான் இல்லை. எந்தத் தேதியில் எந்த நாட்டில் இருந்தேன் என்று அமெரிக்க வரித்துறை கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு சாட்சி நோட்டு, அவ்வளவுதான். "அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்று கோமதி கேட்டாள். அது அவர்கள் பாடு.

விவரத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பெயர் பிரமநாயகம். வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது திருநெல்வேலி, வீடு கிளீவ்லாண்ட், பாஸ்போர்ட் அமெரிக்கா. பம்பு செய்கிற எங்கள் கம்பெனி போன வருஷம் என்னை ஜெர்மனிக்கு அனுப்பியது. ஸ்டுட்கார்ட்டில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். அமெரிக்கக் குடிமகன் செவ்வாய்க் கிரகத்தில் சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். ஆனால் வெளிநாட்டில் உழைக்கிறவனுக்கு அவர்கள் இரண்டு சலுகை வைத்திருக்கிறார்கள். ஒன்று விலக்கு: பன்னிரண்டு மாதத்தில் முந்நூற்று முப்பது நாள் முழுசாக வெளிநாட்டில் இருந்தால், இங்கே வாங்கும் சம்பளத்தில் பெரும்பகுதிக்கு அங்கே வரி கிடையாது. இன்னொன்று கழிவு: இங்கே கட்டிய வரியை, அங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு நாள் கணக்கெல்லாம் இல்லை.

நான் விலக்கைத் தேர்ந்தெடுத்தேன். கழிவு என்பது படிவத்தை நிரப்பிவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு. விலக்குக்கு ஒழுக்கம் வேண்டும்.

என் பன்னிரண்டு மாதம் ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. அதில் அமெரிக்காவில் செலவழிக்கக் கிடைப்பது முப்பத்தைந்து நாள். ஜூனில் கம்பெனி மீட்டிங்குக்கு எட்டு. செப்டம்பரில் கடைவாய்ப்பல் பிடுங்க ஆறு. தீபாவளிக்குப் பத்து. மீதம் பதினொன்று. மகள் தாரணிக்கு மார்ச் 29 என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். மாதம் முடிய இரண்டு நாள் முன்னால்! என் பேரப்பிள்ளைக்கு இப்போதே கணக்கு வருகிறது.

கோமதி ஜனவரியில் வளைகாப்புக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். நான் போகவில்லை. நாளை மிச்சம் பிடித்தேன். வளையல்களைக் கூரியரில் அனுப்பினேன்.

பிப்ரவரி 26, புதன். மீதம்: 11

இன்று காகிதக் குப்பை எடுக்கும் நாள். தயிர் டப்பாவின் மூடியைக் காகிதத் தொட்டியில் போட்டுவிட்டேன் என்று கீழ்வீட்டு கெர்டா அம்மா மூன்று மாடி ஏறி வந்து அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எழுபத்தொரு வயது. மூச்சுகூட வாங்கவில்லை. எனக்கு அந்தம்மாவைப் பிடிக்கும். விதி என்றால் விதி.

மாலையில் கோமதி போன் செய்தாள். பதினொரு நாளை எப்படிப் பிரிக்கலாம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது நடுவில் வெட்டினாள்.

"பல்லுக்கு ஆறு நாள் குடுத்தீய. பெத்த பொண்ணு வளைகாப்புக்கு ஒரு நாள் குடுக்கல. அவ கையில வளையல் போடும்போது வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா, தெரியுமா?"

"பல் வலித்தது" என்றேன்.

"தொண்ணூத்தி நாலுலயும் இப்படித்தான் ஏதோ ஒண்ணு சொன்னீய."

1994 பற்றி இந்த நோட்டில் எழுத வேண்டியது எதுவும் இல்லை. அது வேறு வரி ஆண்டு.

மார்ச் 2, ஞாயிறு. மீதம்: 11 அல்ல, 5

பேரிடி. விதிப் புத்தகத்தின் அடிக்குறிப்பை இன்றுதான் படித்தேன். நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை முழுசாக வெளிநாட்டில் இருந்தால்தான் அது ஒரு நாள். அமெரிக்காவில் இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் எனக்குச் சேராது. நான் நடுவில் இருந்த நாளை மட்டும் எண்ணியிருக்கிறேன். மூன்று பயணம், ஒவ்வொன்றிலும் இரண்டு நாள், ஆக ஆறு நாள் போச்சு. முப்பது ஆகிவிட்டது. மீதம் ஐந்து.

ஐந்து! நான் என்ன மடையனா? நாற்பது வருஷமாகக் கணக்கோடு புழங்குகிறவன்!

திரும்பத் திரும்ப எண்ணினேன். ஐந்துதான். மார்ச் 27-க்கு முன்னால் அமெரிக்காவில் கால் வைத்தால் வருஷம் முழுக்கக் காத்த விரதம் பாழ். கோபத்தில் மேஜையைத் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நேரம் என்று கீழே இருந்து கெர்டா அம்மா கூரையைத் தட்டினார்.

மார்ச் 3, திங்கள். மீதம்: 5

தயிர்சாதம். ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன். மீதம்: 5

தாரணியோடு பேசினேன். கால் வீங்கியிருக்கிறதாம். குனிந்தால் நிமிர முடியவில்லையாம். நான் பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன்.

"டாக்டர்கிட்ட கேட்டியாம்மா, இருபத்தேழாம் தேதிக்கு அப்புறம்தான்னு உறுதியாச் சொல்றாங்களா?"

"அப்பா, இது குழந்தை. பார்சல் இல்ல."

"இல்லம்மா, ஒரு உத்தேசமா…"

"உங்களுக்கு வர முடியலன்னா பரவாயில்லப்பா. ஏப்ரல் ஒண்ணாம் தேதி வாங்க. குழந்தை எங்கயும் போயிடாது." பிறகு, "நானும் எங்கயும் போயிடலையே. பதினோரு நாள் அம்மா பக்கத்துல படுத்து உங்களுக்காக வெயிட் பண்ணேனாமே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

போனை வைத்த பிறகு அடுப்பை இரண்டு முறை துடைத்தேன். அழுக்கு ஒன்றும் இல்லை.

இசக்கிமுத்துவிடம் கேளுங்கள் என்று கோமதி விடாமல் சொல்கிறாள். கிளீவ்லாண்டில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆடிட்டர். பாளையங்கோட்டைக்காரன். நல்ல ஆடிட்டர் என்றுதான் ஊரே சொல்கிறது. ஆனால் தமிழ்ச் சங்கப் பொருளாளர் தேர்தலில் என்னை நான்கு ஓட்டில் தோற்கடித்தவன். அந்த நான்கில் ஒன்று கோமதியுடையது என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அவன் வாசலில் போய் நிற்பதைவிட அடிக்குறிப்பு படிப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு. மீதம்: 5

27-ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டேன். காலையில் கிளம்பினால் அன்று சாயங்காலமே கிளீவ்லாண்ட். 27, 28, 29, 30, 31. ஐந்தே ஐந்து. அதற்குமேல் பன்னிரண்டு மாதம் முடிந்துவிடும், எத்தனை நாள் இருந்தாலும் கேட்க ஆளில்லை. குழந்தை 29. ஒரு திருகாணிகூடக் கழலாத திட்டம்.

கோமதியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் காலண்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இருபத்தேழா? ஐயையோ, அன்னைக்கு உங்களுக்குச் சந்திராஷ்டமம்!"

கடக ராசிக்காரன் நான். அன்று சந்திரன் எட்டாம் இடத்தில் இருக்கிறானாம், புறப்படக் கூடாதாம். 26-உம் ஆகாது. 25-இல் போனால் என் விலக்கு போய்விடும். "உனக்குச் சந்திரன், எனக்கு வரித்துறை. ரெண்டு பேரையும் எப்படித் திருப்திப்படுத்துவது?" என்று கத்தினேன்.

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "பரஸ்தானம் வச்சிருங்க" என்றாள்.

அதாவது, புறப்படுகிற நாள் நல்ல நாளாக இல்லாவிட்டால், அதற்கு முன்னால் வரும் ஒரு நல்ல நேரத்தில் நம் பெட்டியைக் கொண்டுபோய் அக்கம்பக்கத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். பெட்டி கிளம்பினால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. பிறகு என்றைக்குப் போனாலும் தோஷமில்லை. 20-ஆம் தேதி வியாழன் காலை பத்தரை மணி நன்றாக இருக்கிறதாம். ஏழு நாள் வரை தாங்குமாம்.

"ஏழு முழு நாளா? நள்ளிரவிலிருந்து நள்ளிரவா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு. மீதம்: 5

ராகுகாலம் ஜெர்மனி நேரத்துக்கா, அமெரிக்க நேரத்துக்கா என்று முக்கால் மணி நேரம் வாக்குவாதம். சூரியன் எங்கே உதிக்கிறதோ அந்த ஊர்க் கணக்கு என்று அவள் அடித்துச் சொல்லிவிட்டாள். வரித்துறைகூட இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

பெட்டியில் வைக்க வேண்டியவை: தொட்டில் கட்ட அவளுடைய பழைய நூல் சேலை நான்கு. மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காசு. பிறகு, "உங்க அடையாளமா ஏதாவது வைக்கணும். அன்னாடம் நீங்க கையில எடுக்கிற பொருள். அப்பத்தான் நீங்களே போனதாக் கணக்கு."

மார்ச் 20, வியாழன். மீதம்: 5

பரஸ்தானம் இனிதே முடிந்தது.

இருபத்து மூன்று கிலோப் பெட்டியை கெர்டா அம்மா வீட்டு வாசலில் பத்து இருபத்தெட்டுக்குக் கொண்டுபோய் நின்றேன். இரண்டு நிமிஷம் காத்திருந்து மணியை அடித்தேன்.

"பெட்டி எங்கே போகிறது?" என்று கேட்டார்.

"அமெரிக்காவுக்கு."

"இது என் வீடு."

விஷயத்தை விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இது உங்கள் ஊர் விதியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். உடனே பெட்டியை உள்ளே வாங்கி, கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு விரிப்புப் போட்டு அதன் மேல் நிற்க வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோமதியின் அண்ணன்கூட இவ்வளவு மரியாதையாக என் பெட்டியை வாங்கியதில்லை.

அடையாளப் பொருள் விஷயத்தில் நன்றாக யோசித்தேன். சீப்பு வைக்கலாமா என்று பார்த்தேன், முடி இல்லை. கடைசியில், நான் யார் என்று உலகத்துக்குச் சொல்வது எதுவோ அதையே வைத்தேன். ஒரு வருஷமாக முத்திரைத் தேதி பார்க்க அன்றாடம் கையில் எடுத்த பொருளும் அதுதான். வெளி உறையில் பத்திரமாக இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி. மீதம்: 5

கெர்டா அம்மா சில நாளுக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். புதன்கிழமை வருவாராம். அவசரமானால் தேடுவதற்கு விலாசத்தை மாடிப்படிப் பலகையில் ஒட்டியிருக்கிறார். படிக்கட்டு அமைதியாக இருக்கிறது. தயிர் மூடியை இஷ்டப்பட்ட தொட்டியில் போட்டேன்.

மார்ச் 22, சனி

மதியம் கோமதியின் போன். அங்கே காலை ஏழு மணி. குரலே சரியில்லை.

"தாரணிக்கு பிபி ஏறிட்டு. ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். திங்கக்கிழமை மருந்து குடுத்துப் பிரசவம் பாத்திருவாங்களாம். நீங்க நாளைக்கே கிளம்பி வாங்க."

"நாளைக்கு ஞாயிறு" என்றேன். "மேற்கே சூலம் என்பாயே. நவமி வேறு."

"நவமியாவது கிவமியாவது! புள்ள உள்ள படுத்துக் கிடக்கா. நாள் பாக்குற நேரமா இது? வாங்கன்னா வாங்க!"

முப்பது வருஷமாக ராகுகாலம் பார்க்காமல் ரசத்துக்குக்கூடப் புளி கரைக்காதவள்.

போனை வைத்ததும் உடனே டிக்கெட்டை மாற்றினேன் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் சாட்சி நோட்டில் பொய் எழுதக் கூடாது. இருபது நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். 23-இலிருந்து 31 வரை ஒன்பது நாள். நான்கு நாள் மிஞ்சுகிறது. முந்நூற்று முப்பதுக்குப் பதில் முந்நூற்று இருபத்தாறு. விலக்கு போய்விடும். நான்கே நான்கு நாள்.

1994 பற்றி: நான் யோகஹாமாவில் இருந்தேன். பம்பு நிலையம் ஓடத் தொடங்கும்வரை இருந்தால் சான்றிதழில் என் பெயர் வரும் என்றார்கள். இருந்தேன். தாரணி பிறந்து பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தேன். தூக்கினேன், அழுதாள், கோமதியிடம் கொடுத்துவிட்டேன். அந்தச் சான்றிதழ் எங்கே என்று எனக்குத் தெரியாது.

டிக்கெட்டை மாற்றிவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு விமானம்.

அப்புறம்தான் பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது.

நான் போட்ட சத்தத்துக்கு ஓய்வு நேரம் என்று கூரையைத் தட்டக்கூடக் கீழே ஆள் இல்லை. கெர்டா அம்மா போனை அணைத்து வைத்திருந்தார். பலகையிலிருந்த விலாசத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். ஒரு ரயில், ஒரு பஸ், பிறகு ஒரு மேடு. மேட்டின் உச்சியில் தங்கை வீடு. அக்காவும் தங்கையும் தோட்டத்தில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

கெர்டா அம்மா கேக்கை விழுங்கிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "உங்கள் பெட்டி வியாழக்கிழமையே கிளம்பிவிட்டது. நீங்கள் ஏன் இன்னும் கிளம்பவில்லை?"

நான் சாவிக்காகக் கையை நீட்டினேன்.

சாவி கொடுத்தார். ஒரு துண்டு கேக்கும் தின்ன வைத்தார். தின்னாமல் விட மாட்டேன் என்றார். போகும்போது, "நாளை ஞாயிறு. படிக்கட்டில் பெட்டியை உருட்டக் கூடாது" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

உருட்டவில்லை. தலையில் வைத்து இறக்கினேன். சாவியை அவர் தபால்பெட்டியில் போட்டேன்.

அமெரிக்காவில் இறங்கியதும் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, எத்தனை காலம் வெளியில் இருந்தீர்கள் என்று கேட்டார். "முந்நூற்று இருபத்தாறு நாள். முழு நாள்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போங்கள்" என்றார்.

விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே ஆஸ்பத்திரி. தாரணி கண்ணைத் திறந்து என்னையும் பெட்டியையும் பார்த்தாள்.

"அப்பா, இன்னைக்கு இருபத்தி மூணுதான்."

"தெரியும்."

"கணக்கு?"

"அது கிடக்கு."

அவள் அழுதாள். நான் நோட்டைத் தேடுவதுபோலப் பைக்குள் குனிந்துகொண்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

பெண். காலை 5.52. பிறந்த பத்தாவது நிமிஷம் என் கையில். அழுதாள். நான் கொடுக்கவில்லை.

மார்ச் 29, சனி

டாக்டர் முதலில் கொடுத்த தேதி இன்றுதான். வீட்டுக்கு வந்தாயிற்று. நூல் சேலைத் தொட்டில் கட்டினேன். முடிச்சு சரியில்லை என்று கோமதி அவிழ்த்துக் கட்டினாள்.

மாலையில் அல்வாவோடு இசக்கிமுத்து வந்தான். கோமதி என் சம்பளச் சீட்டுகளை எல்லாம் எனக்குத் தெரியாமல் அவனுக்கு அனுப்பியிருக்கிறாள். தொட்டிலைப் பார்த்தான், குழந்தைக்கு என் மூக்கு என்றான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, நீங்க எதுக்கு நாளு எண்ணுதீய?"

"விலக்குக்கு. அதுதான் போய்விட்டதே, இப்போது எதற்குக் கிண்டல்?"

"விலக்கே வேண்டாமே. ஜெர்மனியில நீங்க கட்டுற வரி இங்க கட்ட வேண்டியதவிட சாஸ்தி. கழிவு எடுத்தாப் போதும், இங்க ஒரு பைசா வராது. மிச்சக் கழிவ அடுத்த வருசங்களுக்கும் கொண்டு போகலாம். அதுக்கு நீங்க எத்தன நாளு இங்க இருந்தாலும் ஒண்ணும் இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா போன ஏப்ரல்லயே சொல்லியிருப்பேனே."

அவன் காகிதத்தில் போட்டுக் காட்டினான். சரியாகத்தான் இருந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

ஒரு வருஷம் எண்ணியது ஒன்றுக்கும் ஆகவில்லை. நாள் போனதுகூடப் பரவாயில்லை. வளைகாப்புக்கு வந்திருக்கலாம். வந்திருக்கலாம்! தாரணி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஸ்டுட்கார்ட்டில் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், அல்வாவில் நெய் போதாது என்று இசக்கிமுத்து மேல் கோபப்பட்டேன்.

அவன் போன பிறகு தாரணியிடம் போய்ச் சொன்னேன். "வளைகாப்புக்கு நான் வராதது தப்பும்மா." வேறு என்னென்னவோ சொல்ல வைத்திருந்தேன், வரவில்லை.

"நீங்க அனுப்பின வளையல்ல முக்கால்வாசி உடைஞ்சிதான் வந்துதுப்பா" என்றாள். "உடையாத ஏழையும் போட்டுக்கிட்டேன்."

ஏப்ரல் 1, செவ்வாய்

பன்னிரண்டு மாதம் நேற்றோடு முடிந்தது. குழந்தைக்கு விக்கல். தண்ணீர் கொடுக்கக் கூடாதாம்.

ஏப்ரல் 17, வியாழன்

லீவு நாளையோடு முடிகிறது. டிக்கெட் 19-ஆம் தேதி சனிக்கிழமைக்கு. நான் போவது கிழக்கே, சனிக்கிழமை கிழக்கே சூலம், ஆகவே ஆகாது என்று கோமதி மறுபடியும் காலண்டரோடு வந்துவிட்டாள். நவமியாவது கிவமியாவது என்றவள் இவள்தான். "அது அவசரம். இது பிரயாணம்" என்கிறாள்.

எனவே பரஸ்தானம். இன்று காலை ஒன்பதே கால். இசக்கிமுத்து வீட்டில்.

பெட்டியை நானே உருட்டிக்கொண்டு போனேன். அங்கே வீடே அமர்க்களமாக இருந்தது. வரி சீசன் செவ்வாயோடு முடிந்ததால், இப்போதே குடும்பத்தோடு ஃப்ளோரிடா கிளம்புகிறார்களாம். பத்து நாள் கழித்துத்தான் வருவார்கள். அது எனக்கு முன்னமே தெரியும். கோமதிதான் சொன்னாள்.

"அண்ணாச்சி, நாங்க ஊருக்குப் போறோமே. எதிர்வீட்டுல வைக்கலாம்லா?" என்றான்.

"ராசியான வீடுடே உன் வீடு" என்றேன். தேர்தலுக்குப் பிறகு நான் அவனிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நெகிழ்ந்துபோய்ப் பெட்டியைக் கூடத்தில் வைத்து, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தேன். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாஸ்போர்ட் எங்க?" என்றாள் கோமதி.

"அடையாளமாக ஏதாவது வைக்க வேண்டும் என்று நீதானே சொன்னாய்?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள். உள்ளே தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஸ்டுட்கார்ட் மேனேஜரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது: கிளம்பிவிட்டீர்களா?

ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பதில் அடித்தேன். காலை ஒன்பதே காலுக்கே கிளம்பிவிட்டேன்.